முதல் நரம்பு

பேராசிரியர் தேர்வுக்கான கோப்பை ஒப்படைக்க இன்னும் ஒன்பது நாள் இருந்தது. துனிஸில் எங்கள் துறையில் அந்த இடம் அபூர்வமாகத்தான் காலியாகும். என் கோப்பின் கனமெல்லாம் ஒரே கட்டுரையில் இருந்தது: மூளையின் முன்பகுதிக்கு அடியில் வளர்ந்த கட்டியை முப்பத்தொரு பேருக்கு எடுத்திருக்கிறேன், ஒருவருக்கும் நரம்புப் பாதிப்பு இல்லை.

அன்று காலை நாபூல் ஊரிலிருந்து ஸல்லூஹா வந்தார். ஆரஞ்சுப் பூவைக் காய்ச்சி வடித்து விற்பவர். மூன்று ஆண்டுக்கு முன் அவருக்கு அறுவை செய்தேன். விரலைப் பார்க்கச் சொன்னேன், சிரிக்கச் சொன்னேன், நாக்கை நீட்டச் சொன்னேன்.

"நல்லா இருக்கீங்க பெரியம்மா."

"நல்லாத்தான் இருக்கேன் மகளே. போன வாரம் ஒரு அண்டாப் பூவைத் தீயவிட்டுட்டேன். மருமக ஓடிவந்து, 'மூக்கை எங்கயாச்சும் வித்துட்டீங்களா'ன்னு கத்துறா. எனக்கு எந்த வாசமும் தெரியறதில்லன்னு அவகிட்ட எப்படிச் சொல்றது?"

நான் பழைய தாள்களைப் புரட்டினேன். 'மோப்பம்: இயல்பு' என்றிருந்தது.

"ஆபரேஷன் முடிஞ்சதும் தெரியுதுன்னு சொல்லியிருக்கீங்களே?"

"ஊசி போடுற பஞ்சை மூக்குகிட்ட நீட்டுனாங்க. சுர்ருன்னு குத்துச்சு. தெரியுதான்னாங்க, தெரியுதுன்னேன். குத்துறதும் வாசனையும் ஒண்ணா?"

ஒன்றல்ல. பஞ்சில் இருக்கும் ஸ்பிரிட்டின் எரிச்சலை மூளைக்குச் சொல்வது முகத்தின் தொடுவுணர்வு நரம்பு. வாசனையைச் சொல்வது வேறு. மூளையோடு சேரும் பன்னிரண்டு ஜோடி நரம்புகளில் அதுதான் முதலாவது. இதை இருபது ஆண்டுகளாக மாணவர்களுக்குச் சொல்லிவருகிறேன். ஆனால் வார்டில் கைக்கு அருகே இருப்பது பஞ்சு. அதைத்தான் எல்லோரும் நீட்டுகிறோம்.

தாள்களை மூடிவைத்தேன். பிறகு செவிலியர் அறையிலிருந்து காபித்தூள் வாங்கிவந்து, அவரைக் கண்ணை மூடச் சொல்லி, ஒவ்வொரு மூக்குத் துளையாகக் காட்டினேன்.

"ஏதாவது கொண்டுவந்திருக்கியா?" என்றார்.

கட்டுரையில் இருந்த மற்ற முப்பது பேரையும் தொலைபேசியில் அழைத்தேன். இருபத்தாறு பேர் வந்தார்கள். பதினெட்டுப் பேருக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒருவர் மனைவிக்குச் சமையல் மறந்துவிட்டதென்று நாலு வருடமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

துறைத் தலைவர் லுத்ஃபியிடம் பட்டியலை நீட்டினேன்.

"தேர்வு முடியட்டும் உமைமா. அப்புறம் ஊர் மூக்கையெல்லாம் சோதிச்சுக்கோ."

"கட்டுரையில இருக்கிறது தப்பு, ஐயா."

"தப்பில்ல. நீ பார்க்காம விட்டது."

"இப்ப பார்த்துட்டேனே."

அவர் தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தார். "மாத்துனா இந்த இடம் உனக்கில்ல. தெரிஞ்சுதானே செய்யுற?"

தெரிந்துதான் எண்களை மாற்றினேன். கட்டுரையை வெளியிட்ட இதழுக்கும் எழுதினேன். தேர்வுக் குழுவில் ஒருவர், சொந்தக் குறையைப் பட்டியல் போட்டு வந்திருக்கிறீர்களே என்று சிரித்தார்.

முடிவு வெளியான அன்று லுத்ஃபி போன் செய்தார். "உன் பேர் இல்லம்மா."

"சரி ஐயா."

"அழுறியா?"

"இல்ல. வீடியோ பார்த்துட்டிருக்கேன். மோப்பம் தப்பிச்ச எட்டுப் பேரோட ஆபரேஷன். ஆறு பேருக்குத் தலையைக் கொஞ்சம் பின்னாடி சாய்ச்சு வச்சிருக்கேன். மூளை தன் பாரத்துலயே விலகி நிக்குது, நான் தூக்கவே இல்ல. தூக்குறப்பதான் அந்த நரம்பு அறுபடுது போல. ஏன் அப்படி வச்சேன்னு எனக்கே ஞாபகமில்ல."



"எவ்வளவு சாய்வு?" என்றார் லுத்ஃபி.