பெர்னாரின் கொடிக்குக் கட்டிய கல்

கமலராணி அந்தச் சுவரில் கண் வைத்து வெகுநாள். பிரெஞ்சுத் தலைநகரின் லாஷப்பல் பகுதியில் அவர்கள் குடியிருந்த கட்டடத்தின் பின்பக்கம், வெயில் விழுவது அந்த ஒரு சுவரில்தான். பாவல் பந்தல் போட்டால் பிய்த்துக்கொண்டு காய்க்கும். ஆனால் சுவரும் அதன் அடியிலிருந்த துண்டுத் தோட்டமும் கீழ்வீட்டு பெர்னாருடையவை. மனிதர் இரண்டாம் மாடி உயரத்துக்குக் கயிறுகள் இழுத்து, ஊப்லோன் என்று ஏதோ ஒரு கொடியை ஏற்றி வைத்திருந்தார்.

2014 ஆகஸ்டில், விடுமுறைக்குக் கிளம்பும்போது அவரே வந்து கதவைத் தட்டினார். கொடியை நல்லபடி பார்த்துக்கொண்டால் வருகிற வருடம் பாதிச் சுவர் அவளுக்காம். கமலராணிக்குத் தலைகால் புரியவில்லை. போகிற போக்கில், அந்தக் காய்கள் "பூர் லா பியேர்" என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

பியேர் என்றால் கல்; கல்லுக்காம். இந்தப் பிரெஞ்சுகூடத் தெரியாதவளா அவள்? போய்ப் பார்த்தாள். காய்கள் கட்டைவிரல் அளவில் சூம்பிக் கிடந்தன. புடலங்காய் நேராக நீள நுனியில் கல் கட்டுவது இவருக்கும் தெரிந்திருக்கிறதே என்று பெர்னார்மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது.

"என்னப்பா செய்யிறீர்?" என்று கேட்டார் கணவர் மார்க்கண்டு.

"கல்லுக் கட்டுறன். அவர்தான் சொன்னவர்."

மார்க்கண்டு வாயைத் திறந்தார். பிறகு என்ன நினைத்தாரோ, மூடிக்கொண்டார்.

திரும்பி வந்த பெர்னார் திகைத்து நின்றார். கைக்கெட்டிய இடமெல்லாம் கல் தொங்கியது. காய்களில் பாதி தரையில் கிடந்தது.

"நீங்கள்தானே பியேர் என்றீர்கள்?"

"பியேர் இல்லை மதாம், பியேர்!"

அவள் காதில் இரண்டும் ஒன்றாகவே விழுந்தன. கடைசியில் அவர் கட்டைவிரலை வாயில் கவிழ்த்து, குடிப்பதுபோல் காட்டினார்.

பீர்! வீட்டுக்குள் போத்தல் வரக்கூடாது என்று சட்டம் போட்டவள், மாதம் முழுக்க அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றி வளர்த்தது பீருக்குக் கசப்பேற்றும் கொடியை. வெட்கம் ஒரு பக்கம். சுவர் போயிற்றே என்ற துக்கம்தான் பெரிதாக இருந்தது.

பெர்னார் அண்ணாந்து பார்த்தார். கமலராணி குட்டையானவள் என்பதால் மேல்பாதி தப்பியிருந்தது. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"பாதிச் சுவர் உங்களுக்குத்தான், மதாம். முஸ்யு மார்க்கண்டுவுக்கு வழக்கம்போல இரண்டு போத்தல்."

"வழக்கம்போலயோ?" கமலராணி திரும்பினாள்.

மார்க்கண்டு அவசரமாகச் சொன்னார். "பீருக்கு எண்டு சொன்னால் நீர் கொடிக்குத் தண்ணி ஊத்தியிருப்பீரோ? உம்மட சுவருக்காகத்தான் பேசாமல் இருந்தனான்."

"ஓம், எனக்காகத்தான். அப்ப இதையும் எனக்காக அவருக்கு வடிவாச் சொல்லுங்கோ. அந்த ரெண்டு போத்திலும் இனி வேண்டாமாம். அதுக்குப் பதிலா முக்கால் சுவர் தரட்டாம்."

அதை மார்க்கண்டுதான் தன் வாயாலேயே பிரெஞ்சில் சொல்ல வேண்டியதாயிற்று.