இரண்டு தட்டு, ஒரு அழுத்து

மதலைமுத்துவுக்குக் காது மந்தமாகி வெகு காலம் ஆயிற்று. சீர்காழிப் பக்கத்து வயல்களில் வருஷக் கணக்காக அறுவடை மெஷின் ஓட்டுகிறவருக்குக் காது மட்டும் கூர்மையாக இருந்துவிடுமா என்ன? பக்கத்தில் இடி விழுந்தாலும் "யாரு?" என்றுதான் கேட்பார். மகன் அருள்பிரகாஷ் வாங்கிக் கொடுத்த தொடுதிரை போன் சட்டைப் பையில் கிடந்து அதிரும். எல்லா அழைப்பும் ஒரே மாதிரி அதிர்வதால், எவனாவது லோன் வேண்டுமா என்று கேட்பவனாக இருக்கும் என்று அவர் பாட்டுக்கு விட்டுவிடுவார். வீட்டில் சோறு ஆறிப்போகும். அவர் மனைவி இருதயம்மாள் மட்டும் ஆறாமல் உட்கார்ந்திருப்பாள்.

அருள்பிரகாஷ்தான் ஒரு வழி சொன்னான். அப்பாவின் போனில் அம்மாவின் நம்பருக்கென்று தனி அதிர்வு வைத்துவிடலாமாம். "போன் கண்ணாடில நீங்க எப்படித் தட்டுறீங்களோ, அப்படியேதாம்மா அப்பா நெஞ்சுல தட்டும்."

இருதயம்மாள் முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டு தட்டினாள். முதல் தடவை தட்டிய வேகத்தில் மகன் பதறிப்போய் போனைப் பிடுங்கிக்கொண்டான்.

"அம்மா, இது கண்ணாடி. அப்பா தோள் இல்ல."

"தோளுன்னு நெனச்சாத்தான் எனக்குத் தட்ட வரும்" என்றாள் அவள்.

அது உண்மை. டி.வி.எஸ். வண்டியில் பின்னால் உட்கார்ந்து வாயால் எதைச் சொன்னாலும் முன்னால் இருக்கிறவருக்கு ஏறாது என்பதால், கல்யாணமான புதிதிலேயே அவள் கண்டுபிடித்த பாஷை அது. தோளில் வெடுக்கென்று இரண்டு தட்டு. பிறகு உள்ளங்கையை அங்கேயே வைத்து ஒரு அழுத்து. வண்டியை நிறுத்து என்று அர்த்தம். வழியில் சொந்தக்காரர் யாராவது நின்றால் தட்டுவாள். நல்ல வெண்டைக்காய் கண்ணில் பட்டால் தட்டுவாள். வேளாங்கண்ணித் திருவிழாவுக்குப் போகும்போது, நடந்து போகிற கூட்டத்தில் தெரிந்த முகம் இருக்கிறதா என்று பார்க்கவே பத்து இடத்தில் தட்டுவாள். நிறுத்தின பிறகும் அந்தக் கை தோளை விட்டு உடனே இறங்காது. மதலைமுத்து எரிச்சல்பட்டதுபோல் நடிப்பாரே தவிர, அந்தக் கைக்காகவே இன்னும் கொஞ்சம் மெதுவாக ஓட்டினார் என்பதுதான் நிஜம்.

போனில் அதைப் பதிந்த பிறகு மத்தியானம் ஆனால் சட்டைப் பையில் அந்தத் தட்டு வரும். மெஷின் ஆளையே உலுக்கிக்கொண்டிருந்தாலும் அது தனியாகத் தெரியும். இன்ஜினை அணைப்பார்; போனை எடுத்து, வந்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்.

போன சம்பா அறுப்பு நேரத்தில் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போன இருதயம்மாள் திரும்பி வரவில்லை.

மனைவியின் முகத்தைப் பார்க்கப் படம் இருந்தது. குரலைக் கேட்கலாம் என்றால் காது ஒத்துழைக்கவில்லை. மதலைமுத்துவுக்கு அவளிடமிருந்து மிச்சம் இருந்தது அந்தத் தட்டு ஒன்றுதான். செட்டிங்கில் போய் அவள் பெயரை அமுக்கினால் அது வரும் என்று அருள்பிரகாஷ் காட்டிக் கொடுத்தான். அமுக்கிப் பார்த்தார். வந்தது. ஆனால் தன் தோளைத் தானே தட்டிக்கொண்டால் யாராவது திரும்பிப் பார்ப்பார்களா? அவளாகக் கூப்பிட வேண்டும். அது நடக்காது என்று தெரிந்தும் தினமும் மத்தியானம் அவள் நம்பரைப் போட்டுப் பார்ப்பார். ஸ்பீக்கரைக் காதோடு ஒட்டிக் கேட்டால் உபயோகத்தில் இல்லை என்று வரும். வைத்துவிடுவார்.

குறுவை அறுப்பு தொடங்கிய நாளில் அந்த நம்பர் மணி அடித்தது. பயந்துபோய் அழைப்பைத் துண்டித்துவிட்டார். போன் பைக்குள் போனதும் போகாததுமாக, நெஞ்சில் இரண்டு தட்டு, ஒரு அழுத்து. வரப்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். எடுக்கவில்லை. எடுத்தால் தட்டு நின்றுவிடுமே.

மறுநாளும் மிஸ்டு கால் கொடுத்தார். மறுநாளும் அது திரும்பித் தட்டியது. அந்த வாரம் மனிதர் இளைஞனைப்போல் திரிந்தார். நம்பர் வேறு யாருக்கோ போய்விட்டது என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்ததை யோசிக்கத்தான் மனமில்லை.

கடைசியில் ஒருநாள் தட்டு விடாமல் வந்துகொண்டே இருக்கவும், எடுத்து ஸ்பீக்கரில் முழுச் சத்தம் வைத்துக் காதோடு ஒட்டிக்கொண்டார். ஒரு பெண் பொரிந்து தள்ளினாள்.

"யாருங்க நீங்க? தினம் மிஸ்டு கால் குடுக்குறீங்க, திருப்பிக் கூப்பிட்டா எடுக்க மாட்டேங்கறீங்க. திருப்பனந்தாள்ல தையக்கடை வச்சிருக்கேன், கஸ்டமரோன்னு நெனச்சு நானும் கூப்பிட்டுக்கிட்டே இருக்கேன். இன்னிக்கு பிளாக் பண்ணிடப் போறேன்."

பிளாக் என்ற சொல் மட்டும் மதலைமுத்துவின் காதில் துல்லியமாக விழுந்தது. இவள் அந்தப் பொத்தானை அமுக்கிவிட்டால் இருதயம்மாள் இனி ஒருபோதும் கூப்பிட மாட்டாள்.

"வேணாம்மா" என்றார். "அது என் சம்சாரம் வச்சிருந்த நம்பரு."

எதிர்ப்பக்கம் கோபம் கொஞ்சம் இறங்கியது. "இருதயம் அக்காவா? வேளாங்கண்ணி மாதா கோயில்லேருந்து அவங்களைக் கேட்டு ரெண்டு மூணு தடவை கூப்பிட்டாங்க. ராங் நம்பர்னு சொன்னேன். அவங்க எங்கங்க?"

சொன்னார். அவள் போன விஷயத்தையும் சொன்னார், தட்டின விஷயத்தையும் சொன்னார். ஊர் பேர் தெரியாத பெண்ணிடம் இதையெல்லாம் சொல்ல வெட்கமாக இருந்தது. சொல்லாமல் இருந்தால் அந்தத் தட்டு போய்விடும் என்ற பயம் வெட்கத்தைவிடப் பெரிதாக இருந்தது.

"என் பேரு அம்சவல்லி" என்றாள் அவள், எல்லாவற்றையும் கேட்டுவிட்டு. "நீங்க மிஸ்டு கால் குடுக்காதீங்க, எங்க வீட்ல தப்பா நெனைப்பாங்க. நானே மத்தியானத்துல ஞாபகம் வர்றப்போ ஒரு ரிங் விடறேன். எடுக்க வேணாம்."

"எடுக்க மாட்டேம்மா."

அடுத்த சில நாள் எதுவும் வரவில்லை. அவளுக்கு ஆயிரம் வேலை இருக்கும், பாவம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு அடிக்கொருதரம் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு ஒருநாள், பாதி வயல் அறுத்து முடிந்து, வைக்கோல் தூசி கண்ணை மறைத்த நேரத்தில், நெஞ்சில் இரண்டு தட்டு. ஒரு அழுத்து.

இன்ஜினை அணைத்தார். போனைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டார். அது உள்ளங்கையில் தட்டிக்கொண்டிருந்தது. எடுக்கக் கூடாது என்றுதான் இருந்தார். கட்டைவிரல் பழக்கத்தில் திரையைத் தள்ளிவிட்டது; வாயும் அதே பழக்கத்தில் பேசிவிட்டது.

"வந்துட்டேன். சோத்தப் போடு."

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. எதிர்ப்பக்கம் ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் நின்றது.

"வாங்க" என்றாள் அம்சவல்லி.