எழுதியிருந்தது டம்ளர்

1984 பிப்ரவரியில், கல்லூரி ஆண்டு விழா அன்று பிற்பகல் மூன்று மணிக்கு மண்டபத்தில் இருந்தவர்கள் இவர்கள். இரண்டாவது வரிசையில் என் அப்பா தீர்த்தகிரி, அம்மா செல்வம்மாள். அவர்களுக்குப் பக்கத்தில், போச்சம்பள்ளியிலிருந்து தன் மகனுக்காக என்னைப் பெண் பார்க்க வந்திருந்த சென்னப்பன், அவர் மனைவி வெங்கடம்மாள். கடைசிச் சுவரை ஒட்டி, காலி நாற்காலிகள் இருந்தும் உட்காராமல் நின்றவர் ராமப்பன். அவரோடு அவர் மனைவி நஞ்சம்மா. திரைக்குப் பின்னால் வசன நோட்டோடு மங்கம்மா. மேடையின் பக்கவாட்டில், நாடகத்தை எழுதிய பூவம்மாள் டீச்சர். மேடையில் நானும் ராமப்பன் மகள் வெள்ளையம்மாவும். மற்றவர்கள் கல்லூரிப் பெண்களும் ஆசிரியைகளும், ஒரு முந்நூறு பேர். அவர்கள் பெயர் இதற்குத் தேவையில்லை.

யார் பார்த்தார்கள் என்பதை முதலில் எழுத வேண்டும் என்பது பூவம்மாள் டீச்சரின் விதி. எங்களுக்கு பி.ஏ. தமிழில் நாடகம் துணைப்பாடம். நடித்து முடித்ததும் ஒவ்வொருவரும் ஒரு நடிப்புக் குறிப்பு எழுதித் தர வேண்டும். எதிரில் இருந்தவர்கள் யார், நோட்டில் எழுதியிருந்தது என்ன, நீ செய்தது என்ன. அன்றைக்கு நான் இரண்டு பக்கம் எழுதினேன். குரலைப் பற்றியும் மீசைக்குப் போட்ட பசையைப் பற்றியும் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினேன். தண்ணீரைப் பற்றி எழுதவில்லை. என் அப்பா உயிரோடு இருந்தவரை எழுதுவதாகவும் இல்லை. அவர் போய் ஐந்து வருடம் ஆகிறது.

எங்கள் ஊர் குந்தாரப்பள்ளிக்குப் பக்கம். கிணற்றுப் பாசனம், நெல், ராகி, கொஞ்சம் மாந்தோப்பு. ராமப்பன் எங்கள் வயலில் வேலை செய்தவர். ஓசூரில் தொழிற்சாலைகள் ஆள் எடுக்க ஆரம்பித்தபோது ஒன்றில் சேர்ந்து, மெயின் ரோட்டில் நின்று கம்பெனி பஸ் ஏறிப் போகத் தொடங்கினார். அவர் மகள் எனக்கு ஒரே வகுப்பு. மூன்று வருடம் நாங்கள் ஒரே பெஞ்சு. மத்தியானம் அவள் கொண்டுவருகிற தூக்கும் நான் கொண்டுவருகிற டப்பாவும் நடுவில் இருக்கும். குழாயில் பிடித்த தண்ணீரை ஒரே டம்ளரில் மாற்றி மாற்றிக் குடிப்போம். ஊரில் அவள் எங்கள் மாட்டுக் கொட்டகையைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. அது வேறு, இது வேறு என்றிருந்தேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை.

நாடகத்தில் நான் நிலக்காரர். பெண்கள் கல்லூரி என்பதால் ஆண் வேஷமும் நாங்கள்தான் போட வேண்டும். எனக்கு உயரம் இருந்தது. வெள்ளையம்மா கூலியாள். பஞ்ச வருடத்தில் நிலக்காரர் தன் கிணற்றைக் காலனிக்கு மூடிவிடுகிறார். கூலியாள் ஊரை விட்டுப் போய்த் தொழிற்சாலையில் மெக்கானிக் ஆகிறான். பிறகு ஒருநாள் நிலக்காரரின் மோட்டார் நின்றுபோகிறது. பழுது பார்க்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். அவன் வந்து சரிசெய்து, ‘தண்ணி குடுங்கய்யா’ என்று கேட்கிறான். நிலக்காரர் சொம்பிலிருந்து டம்ளரில் ஊற்றி அவன் கையில் கொடுக்கிறார். அவன் பாதி குடித்துத் திருப்பிக் கொடுக்க, மீதியை அவர் குடிக்கிறார். ‘இனிமே நமக்கு ஒரே டம்ளர்’ என்று அவர் சொன்னதும் திரை விழும்.

நான் நடிப்பது அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. நம் வீட்டில் கூத்துப் பார்த்திருக்கிறார்கள், கட்டினதில்லை என்றார். அதற்குள் அழைப்பிதழில் என் பெயர் அச்சாகிவிட்டது. போதாததற்கு, கிருஷ்ணகிரியில் வேலை இருப்பதால் அன்றைக்கே கல்லூரிக்கு வந்து பெண்ணைப் பார்த்துக்கொள்கிறோம் என்று போச்சம்பள்ளியிலிருந்து சொல்லியனுப்பியிருந்தார்கள். அம்மா என்னை விலகச் சொன்னாள். பெயர் போட்டபின் விலகினால் அதற்கொரு கதை கட்டுவார்கள் என்று அப்பா மறுத்தார். கிளம்பும்போது என்னிடம் ஒன்றுதான் சொன்னார்.

“நம்ம மேல ஒரு சொல்லு வுழக் கூடாது. அத மட்டும் பாத்துக்க.”

அன்றைக்கு எனக்கு இருந்த பயம் அது ஒன்றுதான். மாப்பிள்ளையைப் பற்றி நான் அதிகம் யோசிக்கவில்லை. ஓசூரில் சூப்பர்வைசர் என்றார்கள். லீவு கிடைக்காததால் வரவில்லை. என் கவலையெல்லாம் அப்பா உட்கார்ந்திருந்த அந்த இரண்டாவது வரிசை. மீசை நழுவக் கூடாது, வேட்டி தடுக்கக் கூடாது, குரல் உடையக் கூடாது. முதல் காட்சியில் சென்னப்பன் சிரிப்பது கேட்டது. “சம்பந்தி, உங்கள விட பொண்ணுக்குத்தான் மீச எடுப்பா இருக்குது” என்று அவர் சொன்னது முன்வரிசை முழுக்கக் கேட்டது. அப்பா சிரிக்கவில்லை. ஆனால் முகம் இறுகவுமில்லை.

ஒத்திகையில் நாங்கள் தண்ணீர் வைத்ததில்லை. மேடைப் பலகை நனையும் என்று வெறும் சொம்பு, வெறும் டம்ளர். விழாவன்று மட்டும், தண்ணீர் விழுகிற சத்தம் மண்டபத்துக்குக் கேட்கட்டும் என்று டீச்சர் நிறையத் தண்ணீர் வைக்கச் சொன்னார். மேஜையில் சொம்பும் டம்ளரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

கடைசிக் காட்சி. மோட்டார் ஓடுகிற சத்தத்தை மங்கம்மா டேப்பில் போட்டாள். வெள்ளையம்மா கையைத் துணியில் துடைத்துக்கொண்டு நடு மேடைக்கு வந்தாள். ‘தண்ணி குடுங்கய்யா’ என்றாள். கல்லூரியில் மூன்று வருடம் கேட்ட குரல் இல்லை அது. ராமப்பன் எங்கள் கொட்டகை ஓரத்தில் நின்று தண்ணீர் கேட்ட குரல்.

நான் சொம்பை எடுத்தேன். ஒத்திகையில் இல்லாத கனம் கையில் ஏறியது. டம்ளரை எடுக்கவில்லை. என் கை சொம்பை முழ உயரத்துக்குத் தூக்கியது. அதே நேரம் வெள்ளையம்மா முதுகை வளைத்து, இரண்டு கையையும் சேர்த்துக் குழித்து வாயில் வைத்தாள். நான் ஊற்றினேன். அவள் குடித்தாள். சொம்பின் விளிம்பு அவள் கையில் படவில்லை, ஒரு சொட்டுகூடப் பக்கத்தில் சிந்தவில்லை. பல வருடம் பழகியவர்கள் போல் இருவரும் சரியாகச் செய்தோம்.

டீச்சர் விரும்பிய தண்ணீர்ச் சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது. வேறு சத்தமில்லை.

“டம்ளர்... டம்ளர்” என்று திரைக்குப் பின்னாலிருந்து மங்கம்மா கிசுகிசுத்தாள்.

அது கேட்டபிறகுதான் வெள்ளையம்மா நிமிர்ந்தாள். மோவாயிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. அவள் என்னைப் பார்க்காமல் மண்டபத்தின் கடைசிச் சுவரைப் பார்த்தாள். ராமப்பன் தரையைப் பார்த்து நின்றார். நான் சொல்ல வேண்டிய வசனம் நாக்கில் இருந்தது. கையில் சொம்பை வைத்துக்கொண்டு, மேஜையில் காய்ந்து கிடக்கிற டம்ளரை வைத்துக்கொண்டு, அந்த வசனத்தை எப்படிச் சொல்வது? நான் வாய் திறக்கவில்லை. டீச்சர்தான் திரையை இறக்கச் சொன்னார். கைதட்டல் தாமதமாக, அங்கங்கே வந்தது.

மேடைக்குப் பின்னால் நான் அவளிடம் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன் என்று சொல்வேன். கேட்டேனா என்று நினைவில்லை. அவள் பேசியது நினைவிருக்கிறது.

“நீ ஊத்துனதுக்கு நான் ஒண்ணும் சொல்லல ஜோதி. நான் எதுக்குக் குனிஞ்சேன்? அத எனக்குச் சொல்லு.”

அவள் துணி மூட்டையை எடுத்துக்கொண்டு பெற்றோர் இருந்த பக்கம் போய்விட்டாள்.

அதற்குள் இந்தப் பக்கத்து வாசலில் அப்பாவும் அம்மாவும் போச்சம்பள்ளிக்காரர்களும் வந்துவிட்டார்கள். நான் இன்னும் தலைப்பாகையும் மீசையுமாக நின்றேன். அப்பா முகத்தைப் பார்த்தேன். அதில் எதுவும் தெரியவில்லை. ஒரு சொல் விழப்போகிறது என்று காத்திருந்தேன். நான் நிலக்காரர் வேஷத்தில் அப்பாவைக் காட்டிக் கொடுத்துவிட்டேன், சம்பந்தம் போனது, காரணம் நான் என்றுதான் நினைத்தேன்.

சென்னப்பன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் முகம் மலர்ந்திருந்தது.

“என்னென்னமோ எழுதிக் குடுத்திருப்பாங்க. ஆனா பொண்ணு கை தவறல பாத்தீங்களா. மேடையிலகூட எப்படிக் குடுக்கணுமோ அப்படித்தான் குடுத்துச்சு. நல்லா வளத்திருக்கீங்க சம்பந்தி.”

விழுந்த சொல் அதுதான். நான் காத்திருந்த எந்தச் சொல்லையும்விட அது கனமாக இருந்தது.

வெங்கடம்மாள் பையிலிருந்து மல்லிகைச் சரத்தை எடுத்தார். எங்கள் பக்கத்தில் பையன் வீட்டார் பெண்ணின் தலையில் பூ வைத்துவிட்டால் பேச்சு முடிந்தது, பிறகு தேதி பார்ப்பதுதான் பாக்கி.

“தலப்பாவ எடு கண்ணு” என்றார்.

நான் எடுக்கவில்லை. கூச்சம் என்று நினைத்து அவர் சிரித்தார். அம்மா என் பக்கத்தில் வந்து முழங்கையைக் கிள்ளினாள். தலைப்பாகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பூச்சரம் அவர் கையில் நீட்டியபடி இருந்தது. போகிற வருகிற பெண்கள் நின்று பார்க்க ஆரம்பித்தார்கள்.

“எடு” என்றார் அப்பா.

“வேணாங்கப்பா.”

“தலப்பாவா, பூவா?”

“பூ.”

நாலு பேர் முன்னால் தன் பிள்ளையை மேலும் மேலும் கேட்கிற பழக்கம் அப்பாவுக்கு இல்லை, கெஞ்சுகிற பழக்கமும் இல்லை. அவர் சென்னப்பன் பக்கம் திரும்பினார்.

“பொண்ணு வேணாங்குது” என்றார். விளக்கம் எதுவும் சொல்லவில்லை. அவர்கள் கேட்கவும் அவர் இடம் கொடுக்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

மூவரும் பஸ்ஸில் திரும்பினோம். குந்தாரப்பள்ளியில் இறங்கி ஊருக்கு நடக்கும்போது, அம்மா முன்னால் போகட்டும் என்று அப்பா நடையைக் குறைத்தார்.

“அந்த டீச்சரு என்ன அவமானப்படுத்தணும்னே அப்படி எழுதியிருக்கா” என்றார்.

“எழுதியிருந்தது டம்ளருங்கப்பா.”

அவர் நின்றார்.

“அப்ப அத உனக்கு யாரு சொல்லிக் குடுத்தது?”

“யாரும் சொல்லிக் குடுக்கல. நம்ம வூட்ல பாத்ததுதான்.”

அவர் அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. மேற்கொண்டு நடந்தார். வீடு போய்ச் சேரும்வரை நான் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். அது எப்போதும்போல் நிமிர்ந்துதான் இருந்தது. அன்று மாலை பம்ப்செட்டுக்குப் போனவர் இருட்டுவதற்குள் திரும்பிவிட்டார். எங்கள் கொட்டகை ஓரத்தில் அதற்குப் பிறகும் தண்ணீர் மேலிருந்துதான் ஊற்றப்பட்டது. அவர் மாறினார் என்று எழுதினால் அது பொய். நான் ஊற்றும்போது மட்டும் டம்ளரில் ஊற்றிக் கையில் கொடுத்தேன். அவர் பார்ப்பார், தடுத்ததில்லை.

வெள்ளையம்மா மறுநாள் கல்லூரிக்கு வந்து அதே பெஞ்சில் உட்கார்ந்தாள். மத்தியானம் தூக்கைத் திறந்து தன் பக்கமே வைத்துக்கொண்டாள். பரீட்சை வரை அப்படித்தான். அவளிடம் நான் கோபப்பட முடியாது.

ஒரு வாரத்துக்குள் ஊரில் என்னைப் பற்றிப் பேச்சு கிளம்பியது. போச்சம்பள்ளியிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். அவர்களுக்கும் முகம் காட்ட ஒரு கதை வேண்டுமல்லவா? அம்மா மறுத்துப் பேசப் போனாள். அப்பா விடவில்லை. மறுத்தால் நடந்ததைச் சொல்ல வேண்டும், நடந்ததைச் சொன்னால் தண்ணீரைச் சொல்ல வேண்டும். என் மேல் விழுந்த சொல்லைச் சுமக்கலாம், வீட்டின் மேல் விழுகிறதைச் சுமக்க முடியாது என்பது அவர் கணக்கு. அவர் மகளாக நானும் வாயை மூடிக்கொண்டேன்.

மீசை வைத்து மேடை ஏறிய பெண் எங்களுக்கு வேண்டாம் என்று பையன் வீட்டார் பாதி நாடகத்தில் எழுந்து போனதாகவும், அதனால்தான் தீர்த்தகிரி மகளுக்குக் கல்யாணம் நடக்கவில்லை என்றும் இன்றைக்கும் சொல்கிறார்கள். அவர்கள் எழுந்து போகவில்லை. கடைசிவரை உட்கார்ந்து பார்த்தார்கள், பிடித்துப்போய்ப் பூவோடு வந்தார்கள். வேண்டாம் என்றது நான்.