மற்றும் பலரும்

தூய ஆவியார் இறங்கி வந்த திருநாளன்று, காலை எட்டு மணித் திருப்பலியில், முதல் வாசகம் முடிவதற்குள் எலாமியர் ஒரு டஜன் பேர் கோயிலுக்குள் வந்து கடைசி இரண்டு பெஞ்சுகளை நிரப்பிவிட்டார்கள். அவர்களுக்குச் சற்று முன்பே பார்த்தரும் மேதியரும் வந்து தூண்களை ஒட்டி நின்றுகொண்டிருந்தார்கள். கப்பதோக்கியாக்காரர்கள் குடும்பம் குடும்பமாக வந்ததால் மணிக்கூண்டுக்கு ஏறும் படிகளில் உட்கார வேண்டியதாயிற்று. எகிப்திலிருந்து வந்த ஒரு அம்மாள் மின்விசிறிக்கு நேர்கீழே இடம் பிடித்துக்கொண்டாள். அந்த இடம் வெகுகாலமாக பேக்கரிக்காரர் மனைவியுடையது என்பது எகிப்தில் இருப்பவளுக்குத் தெரிய நியாயமில்லை. பேக்கரிக்காரர் மனைவி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நற்கருணை வரை அதை இறக்கவேயில்லை. பங்குத்தந்தையின் பிரசங்கத்தை ஒவ்வொரு நாட்டாரும் தத்தம் மொழியில் கேட்டதாகச் சொன்னார்கள். பங்கு மக்களும் அன்றைக்குத்தான் அவர் பிரசங்கம் முழுசாகப் புரிந்தது என்றார்கள். அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்று அவர் மதியச் சாப்பாடு வரை யோசித்துக்கொண்டிருந்தார்.

அதற்கு முந்தைய ஆண்டுகளில் அவர்கள் ஏன் வரவில்லை என்றால், அவர்களை யாரும் கூப்பிடவில்லை, அவ்வளவுதான். அன்றைய முதல் வாசகத்தில், அந்தக் காலத்தில் ஆவியார் இறங்கியபோது எருசலேமில் கூடியிருந்த பல நாட்டு மக்கள் வரிசையாக வருகிறார்கள். ஒவ்வொரு பெயரும் சோற்றில் கல் அகப்பட்டது போல நாக்கை இடறும். வாசகம் வாசிக்கிறவர்கள் அத்தனை பேருக்கும் அந்த ஒரு ஞாயிறு மட்டும் தொண்டை கட்டிக்கொள்ளும். தப்பிக்க முடியாமல் மாட்டிக்கொண்டவர் பார்த்தர், மேதியர் வரை மார்பை நிமிர்த்தி வந்து, அதற்குமேல் "மற்றும் பலரும்" என்று ஒரே மூச்சில் எல்லாரையும் விழுங்கிவிட்டு இறங்கிவிடுவார். இந்த வழியைக் கண்டுபிடித்தவர் பங்குப் பேரவைத் தலைவர். அவருடைய குரல் கம்பீரத்தில், அது அப்படித்தான் எழுதியிருக்கிறது என்று ஒரு தலைமுறையே நம்பியிருந்தது.

அந்த வருடம் தொண்டை கட்டிக்கொள்ளத் தெரியாமல் மாட்டியவள் தையல் அக்கா. அவளைவிட வயதில் மூத்தவர்களும் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். கோயில் மதிலை ஒட்டிய ஒற்றை அறைதான் அவள் கடை, அதற்குப் பின்னால் இரண்டு அறை வீடு. பீடத்துணிக்குக் கரை அடிப்பதும், பங்குத்தந்தையின் சிவப்புத் திருவுடையை அவர் இடுப்பின் போக்குக்கு ஏற்ப வருடந்தோறும் பிரித்துவிடுவதும் அவள் வேலை. வாசகத்தைக் கொடுத்தவுடன் அவள் அதை மிஷினுக்கு முன்னால் குண்டூசியால் குத்திவைத்து, கால்மிதிக்கு ஒரு பெயர் என்று வாரம் முழுக்கச் சொல்லிப் பார்த்தாள். நடுவில் ஒரு தையலை விட்டுவிட்டுப் போவது அவளுக்குப் பழக்கமில்லை. ஞாயிற்றுக்கிழமை மேடையேறி ஒருவர் விடாமல் கூப்பிட்டாள், கூப்பிட்ட வரிசையில் அவர்கள் வந்தார்கள்.

மாலை வரை இருந்துவிட்டு, தேநீர் குடித்து, குவளையைக் கழுவி வைத்துவிட்டு வாசற்கதவு வழியாகப் போனார்கள். தெருமுனையில் அவர்களைக் காணோம். அடுத்த ஆண்டும் வந்தார்கள், அதற்கடுத்த ஆண்டும். மூன்றாம் ஆண்டில் பேரவை கூடி வாடகை நாற்காலிக்கு ஏற்பாடு செய்தது. பிரிகியாக்காரர்கள் பெஞ்சு தூக்குவதில் கெட்டிக்காரர்கள் என்று கண்டுகொண்டு அவர்களை முன்கூட்டியே எதிர்பார்க்கத் தொடங்கினார்கள். எகிப்து அம்மாளுக்கும் பேக்கரிக்காரர் மனைவிக்கும் ஒருவழியாக சமாதானம் ஆகி, மின்விசிறியைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். பேரவைத் தலைவருக்கு மட்டும் மனசு ஆறவில்லை. வருடத்தில் ஒருநாள் வந்து இடத்தை அடைக்கிறார்கள், பழையபடி "மற்றும் பலரும்" என்றே வாசித்தால் என்ன என்று கேட்டார். "கூப்பிட்டா வர்றாங்க. கூப்பிடாம இருக்கவா கோயில் கட்டி வச்சிருக்கோம்?" என்று பங்குத்தந்தை கேட்டதில் அந்தப் பேச்சு அடங்கியது.

கூப்பிட்டால் வருகிறார்கள் என்ற அந்த வார்த்தை தையல் அக்காவின் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. அவளுக்கு ஒரு தம்பி இருந்தான். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்து இறந்துவிட, அவள்தான் அவனைத் தூக்கி வளர்த்தாள். ரேடியோ பழுதுபார்க்கக் கற்றுக்கொண்டு, கோயில் ஒலிபெருக்கியையும் கவனித்துக்கொண்டிருந்தவன், ஒருநாள் ஊரில் இல்லை. "வேலை தேடிப் போயிட்டான்" என்று கேட்டவர்களிடமெல்லாம் அக்கா சொன்னாள். வருடங்கள் போகப் போக அது "போயிட்டான்" என்று சுருங்கியது. இரவுச் சாப்பாட்டுக்கு ஒரு தட்டை எடுத்து வைத்துவிட்டு, இன்னொரு தட்டைத் தொட்டுப் பார்த்து அப்படியே விட்டுவிடுவாள். அவன் திரும்பி வர வேண்டும். அதைத் தவிர அவளுக்குக் கடவுளிடம் கேட்க வேறு எதுவும் இருக்கவில்லை.

அடுத்த திருநாளுக்கு முந்தின வாரம் திருவுடையை அளவு பார்க்கக் கொண்டுபோனபோது பங்குத்தந்தையிடம் கேட்டாள்.

"ஃபாதர், அந்த வரிசையில ஒரு ஆளைச் சேத்துக்கலாமா?"

"வாசகத்துல ஒரு எழுத்து கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாதும்மா."

"இத்தன வருஷம் குறைச்சுத்தானே வாசிச்சாங்க. அப்ப யாரும் ஒண்ணும் சொல்லலையே."

பங்குத்தந்தை கையைத் தூக்கிக்கொண்டு அளவுக்கு நின்றார். "மன்றாட்டுல சொல்லும்மா. அங்க யாரை வேணா சேத்துக்கலாம்."

"மன்றாட்டு கடவுளுக்குச் சொல்றது ஃபாதர். அவருக்குத்தான் தினமும் சொல்லிட்டிருக்கேனே. வாசகம்தான் ஆளுங்க காதுல விழுது."

வாயில் குண்டூசிகளை வைத்துக்கொண்டு அவள் இதைச் சொன்னதால் அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று வைத்துக்கொள்ள இடமிருந்தது. "எனக்கு இடது காது கொஞ்சம் மந்தம்மா. வாசக மேடை அந்தப் பக்கம்தான் இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

ஆனாலும் வேதத்துக்கு நடுவில் சொந்தத் தம்பியைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. மற்றவர்கள் நாடு நாடாக வரும்போது ஒருவனை மட்டும் தனியாகக் கூப்பிடுவது சுயநலமாகவும் பட்டது. அதனால் வரிசையின் கடைசியில், அரேபியருக்கு அடுத்து, "வீட்டை விட்டுப் போனவர்களும்" என்று சேர்த்து வாசித்தாள்.

அவர்களும் வந்தார்கள். வெளிநாட்டில் மேற்படிப்பு படிப்பதாகப் பேரவைத் தலைவர் பெருமையடித்துக்கொண்டிருந்த மூத்த மகள், இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக இரண்டு குழந்தைகளோடு வந்து நின்றாள். மணியடித்துக் கோயிலைத் திறந்து பூட்டும் கோயில்பிள்ளையின் அப்பா வந்தார். மகன் குழந்தையாக இருந்தபோது முடிவெட்டிக்கொண்டு வருகிறேன் என்று போனவர், நன்றாகவே வெட்டிக்கொண்டு வந்திருந்தார். பிடரியில் ஒட்டிய முடியைக்கூட இன்னும் தட்டிவிடவில்லை. தச்சரின் மனைவி வந்தாள். அவள் தங்கையும் வந்தாள், அவள் போனதே யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. அழுகைச் சத்தத்தில் பதிலுரைப் பாடல் ஒருவருக்கும் கேட்கவில்லை. ஓர் இடத்தில் பளார் என்று அறை விழுந்த சத்தமும், உடனே கட்டிக்கொண்டு அழும் சத்தமும் வந்தன. தன் புருஷன் மட்டும் ஏன் வரவில்லை என்று ஒரு விதவை கேட்டதற்கு, இறந்தவர்கள் இந்தக் கணக்கில் சேரமாட்டார்கள், அவர்களுக்குக் கல்லறைத் திருநாளோடு நவம்பர் மாதம் இருக்கிறது என்று பங்குத்தந்தை விளக்கினார். எலாமியர் போல இவர்கள் மாலையில் கிளம்பவில்லை, பெரும்பாலும் தங்கிவிட்டார்கள். பேரவைத் தலைவர் பேரக்குழந்தைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு தெருவில் நடந்தார், மேற்படிப்பைப் பற்றி அவரிடம் யாரும் கேட்கவில்லை.

தையல் அக்கா மேடையிலிருந்தே ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். தம்பி இல்லை. கோயில்பிள்ளை கதவைச் சாத்த வரும்வரை வாசலில் நின்றாள். யார் யாரோ கையைப் பிடித்து நன்றி சொன்னார்கள், அத்தனையும் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. ஊரார் வீட்டுக்கெல்லாம் ஆளைக் கூட்டிவந்து கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்கிறோமே என்று கடவுள் மீதே கோபம் வந்தது. அந்த மாதம் முழுக்கத் திருப்பலிக்குப் போனாளே தவிர, ஒரு பாட்டுக்கும் வாய் திறக்கவில்லை.

கோயில்பிள்ளையின் அப்பா ஒருநாள் கால்சட்டைக்கு அளவு கொடுக்க வந்தார். அத்தனை வருடம் எங்கே இருந்தீர்கள் என்று அவள் கேட்கவில்லை, தான் கூப்பிட்டது எப்படிக் கேட்டது என்று மட்டும் கேட்டாள்.

"கடைத்தெருவுல நின்னுட்டிருந்தேன். போனவங்கன்னு காதுல விழுந்துச்சு. அட, நம்மளைத்தான்னு தோணுச்சு, கால் தானா திரும்பிருச்சு. பக்கத்துலயே ஒருத்தன் நின்னான், அவனுக்கும் கேட்டிருக்கும். அவன் திரும்பல."

"ஏன்?"

"அவன் போனவன் இல்லையோ என்னவோ. போறதுங்கறது தானா போறதும்மா."

அவள் அளவுநாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவள் தம்பி போகவில்லை. அது அவளுக்குத் தெரியும், அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். கடிகாரக் கடைக்காரர் ஒருவர் அவளைக் கட்டிக்கொள்வதாக இருந்தார். அம்மாவை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து தேநீர் குடித்தார். அக்கா தன் வயதில் ஆறு வருடத்தைக் குறைத்துச் சொல்லி வைத்திருந்தாள். பிஸ்கட் தட்டோடு வந்த தம்பி, அக்காவின் பெருமையைச் சொல்கிறேன் என்று, தான் கைக்குழந்தையாக இருந்தபோது அக்கா பன்னிரண்டு வயதிலேயே பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தன்னைத் தூக்கி வளர்த்த கதையைக் கண்கலங்கச் சொன்னான். கடிகாரக்காரரின் அம்மா அவன் வயதைக் கேட்டு, விரல்விட்டுக் கூட்டிப் பார்த்தாள். தேநீரை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு மரியாதையாகக் கிளம்பிப் போனார்கள். அன்று சாயங்காலமே அக்கா அவனுடைய துணிகளை வாசலில் எறிந்தாள். "என் வாழ்க்கையைக் கெடுக்கவே பொறந்தவன், இனி இந்த வாசப்படி மிதிக்காத" என்றாள். அவன் அரைமணி நேரம் கதவைத் தட்டினான். அவள் மிஷினை வேகமாக மிதித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த திருநாள் வர ஒரு வருடம் ஆகும். அந்த வருடத்தில் அவள் இளைத்துப்போனாள். சொல்ல வேண்டிய வார்த்தை தெரிந்துவிட்டது, அதைச் சொன்னால் பங்கு முழுக்கத் தெரியும். தாய் மாதிரி வளர்த்தவள் என்று மேடையில் வைத்துப் பேசிய பெயர் போகும். துரத்தப்பட்டவர்கள் என்று பொதுவாகச் சொல்லித் தப்பிக்கலாமா என்று பார்த்தாள். யார் துரத்தியது என்று இல்லாத அந்த வார்த்தை "மற்றும் பலரும்" என்பது போலவே இருந்தது.

திருநாள் வந்தது. சிவப்புத் திருவுடை, பீடத்தில் சிவப்புப் பூ, பின்பெஞ்சில் எலாமியர். பார்த்தரையும் மேதியரையும் கூப்பிட்டாள். கப்பதோக்கியாக்காரர்கள் படிகளில் உட்கார்ந்தார்கள். அரேபியர் வந்தார்கள், வீட்டை விட்டுப் போனவர்களில் அந்த வருடத்துப் புதியவர்கள் இரண்டொருவர் வந்தார்கள். பங்குத்தந்தை இடது காதைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். அவள் மேடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் துரத்திவிட்ட என் தம்பியும்" என்று வாசித்தாள்.

ஒலிபெருக்கியில் அது வெளித் தெருவரை கேட்டது. பேக்கரிக்காரர் மனைவி வாயில் கை வைத்தாள். வாசகத்தில் இன்னும் ஒரு வரி பாக்கியிருந்தது, ஆனால் அவள் கண் எழுத்தில் நிற்கவில்லை. வாசற்கதவுப் பக்கம் யாரோ நின்றார்கள். அவள் மேடையை விட்டு இறங்கி நடுவழியில் நடந்தாள். கோயில் முழுக்கத் தன்னைப் பார்க்கிறது என்ற நினைப்பே வரவில்லை. பாதியில் நின்ற வரியை எலாமியரில் ஒரு பெரியவர் எழுந்து தன் மொழியில் மனப்பாடமாகச் சொல்லி முடித்தார். அது எல்லாருக்கும் புரிந்ததால், "இறைவா, உமக்கு நன்றி" என்று எல்லாரும் பதில் சொன்னார்கள்.

தம்பி வாசற்படிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தான். காதோரம் நரைத்திருந்தது. கையில் ஸ்க்ரூடிரைவர் இருந்தது, வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்திருக்கிறான்.

"கேட்டுச்சாடா?"

"போன வருஷமும் கேட்டுச்சுக்கா. உன் குரல்தான்னு தெரிஞ்சுது." அவன் படியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "போனவங்களக் கூப்பிட்ட. நீ யாரையோ கூப்பிடறன்னு இருந்துட்டேன்."

அவள் அவன் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். தையல் விட்டிருந்தது. வேறு யாரோ தைத்த சட்டை அது, அதைப் பார்த்ததும்தான் அவளுக்கு அழுகை வந்தது.

"தப்பு என்னோடதுடா. உள்ள வா, பூசை முடியல."

அவன் படியை மிதித்து உள்ளே வந்தான். அதற்குள் பதிலுரைப் பாடலும் இரண்டாம் வாசகமும் முடிந்து அல்லேலூயா தொடங்கியிருந்தது. எல்லாரும் எழுந்து நின்றுகொண்டிருந்ததால் அவர்கள் இருவரும் இடம் தேட வேண்டியிருக்கவில்லை.