பானை மாமாவைப் பார்க்கப் போனவள்

கதை எழுதுவதற்குரிய பயிற்சியோ தகுதியோ இல்லாமல் இதை எழுதத் துணிந்தமைக்காக வாசகப் பெருமக்கள் பெரிய மனதுடன் பொறுத்தருள வேண்டுகிறேன். பள்ளிப் பிள்ளைகள் கல்விச் சுற்றுலாவாக வெளிநாடு சென்றுவந்ததைப் பற்றியது இது. அங்குள்ள காட்சிகளை விரித்துரைக்க ஆற்றல் மிக்கவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்கள் இடத்தில் கால் வைக்கும் எண்ணம் எனக்குச் சிறிதும் இல்லை. ஒரு பெண், ஒரு பிற்பகல், ஒரு பானை ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பதினோராம் வகுப்பில் அந்தப் பெண்ணை எல்லோரும் ‘காத்து’ என்றே அழைத்தார்கள். வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது, குரல் வரவில்லை என்று விளையாட்டு ஆசிரியர் ஒருமுறை சொல்லப்போக, அது அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது. அவளுடைய அப்பா லிஃப்ட் பழுதுபார்ப்பவர். “நீ மட்டும் லிஃப்ட்ல மாட்டிக்கிட்டா மறக்காம மணிய அடிச்சிடும்மா. கத்திக் கித்தித் தொலைக்காத, யாருக்கும் கேக்காது” என்று அவரும் தம் பங்குக்குக் கேலி செய்வார்.

அவளுக்குப் பக்கத்தில் ஆறாம் வகுப்பு முதல் உட்கார்ந்துவந்தவளுக்குச் ‘சைரன்’ என்று பெயர். காரணத்தை விளக்க வேண்டியதில்லை. இருவருக்கும் இடையே ஓர் ஏற்பாடு தானாகவே அமைந்திருந்தது. பேச வேண்டியதையெல்லாம் சைரன் பேசுவாள். பொறுமையாகச் செய்ய வேண்டியதையெல்லாம் காத்து செய்வாள். கேன்டீன் கூட்டத்தில் முண்டியடித்து இருவருக்கும் வாங்கிவருவது சைரனின் வேலை. சைரனின் நிலப்படங்களுக்குக் கோடு பிசகாமல் நீலம் தீட்டுவது காத்துவின் வேலை. இதில் யாருக்கு யார் கடன்பட்டவர் என்று இருவரும் யோசித்ததே இல்லை.

ஏழாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகத்தில் ஒரு பானையின் படம் இருந்தது. தொப்பை பெருத்து, இரண்டு கைப்பிடிகளும் விடைத்த காதுகள் போல நீட்டிக்கொண்டிருந்த மண்பானை. வரலாற்று ஆசிரியை பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே சைரன் அதற்கு மீசை வரைந்தாள். காத்து மெல்ல ஒரு மூக்குக்கண்ணாடியை மாட்டிவிட்டாள். அன்று முதல் அது பானை மாமா. தேர்வுக்குப் போகும்முன் மாமாவைக் கும்பிடுவார்கள். மதிப்பெண் குறைந்தால் மாமாவைத் திட்டுவார்கள். படத்தின் அடியில் அது இன்ன நாட்டு அருங்காட்சியகத்தில் உள்ளது என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது.

“ஒருநாள் நேர்ல போயி மாமாவுக்கு ஒரு வணக்கம் வெச்சிட்டு, மூணு பேரும் சேந்து போட்டோ எடுத்துக்கிட்டு வரணும்டி” என்பாள் சைரன்.

பள்ளியின் கல்விச் சுற்றுலா அந்த நாட்டுக்கே என்று அறிவித்தபோது காத்து தயங்கினாள். அறிமுகமில்லாத ஊர், புரியாத மொழி என்றெல்லாம் காரணம் சொன்னாள். சைரன் விடவில்லை.

“நீ வரலேன்னா நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு மாமா முன்னாடி நிப்பேன்? ‘எங்க என் இன்னொரு மருமக’ன்னு கேட்டா என்ன சொல்றது?”

அந்த ஒரு கேள்விக்காகவே காத்து கிளம்பினாள். குளிருக்கு அத்தை தம்முடைய பழுப்பு நிறக் கோட்டைக் கொடுத்தனுப்பினார். உள்ளே இன்னொருவர் குடியிருக்கும் அளவுக்கு அது அவளுக்குப் பெரிதாக இருந்தது.

போகும் இடமெல்லாம் பிள்ளைகளை எண்ணிச் சேர்ப்பது விளையாட்டு ஆசிரியரின் பொறுப்பு. ஒவ்வொருவருக்கும் ஓர் எண். பேருந்து புறப்படும்முன் அவரவர் எண்ணை உரக்கச் சொல்ல வேண்டும். சைரன் இருபத்திரண்டு, காத்து இருபத்து மூன்று. முதல் நாள் இருபத்திரண்டோடு எண்ணிக்கை நின்றுவிட்டது. காத்து மூன்று தரம் சொல்லியும் முன்வரிசைக்கு எட்டவில்லை.

“காத்து உள்ள வந்திருக்கா, இல்ல ஜன்னல் வழியா வெளிய போயிடுச்சா?” என்றார் ஆசிரியர். பேருந்தே சிரித்தது. பிறகு அவரே, “சைரன், இனிமே அவளுக்கும் சேத்து நீயே சொல்லிடும்மா. எனக்குத் தொண்டத்தண்ணி மிச்சம்” என்று தீர்ப்பு வழங்கினார்.

“இருபத்திரண்டு, இருபத்து மூணு!” என்று சைரன் ஒரே மூச்சில் முழங்கினாள்.

மூன்றாம் நாள் கடைசி இருக்கையில் பாட்டும் கூத்துமாக இருந்த கும்பல் சைரனைக் கூப்பிட்டது. “ரெண்டே நிமிஷம்டி, வந்துடறேன்” என்று எழுந்து போனவள் அன்று முழுவதும் வரவில்லை. மறுநாள் ஏறும்போதே நேராகப் பின்னால் போய்விட்டாள். சண்டை ஏதும் இல்லை; சண்டையாக இருந்திருந்தால் சமாதானத்துக்கு வழி இருந்திருக்கும். காத்து ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, பக்கத்து இருக்கையில் தன் பையை வைத்துக்கொண்டாள். யாராவது கேட்டால், ஆள் வருவதாகச் சொல்லலாம் என்று நினைத்திருந்தாள். ஒருவரும் கேட்கவில்லை.

வந்த இடத்துப் பள்ளி மேடையில் இவர்கள் குழுவாகப் பாடினார்கள். காத்து கடைசி வரிசையில் நின்று உதட்டை மட்டும் அசைத்தாள். விருந்தளித்த பள்ளிப் பிள்ளைகள் ஆளுக்கொருவராகக் கைகுலுக்க வந்தபோது, சைரனைச் சுற்றி ஒரு வட்டமே கூடிவிட்டது. காத்துவின் கையைக் குலுக்கியவள் ஏதோ கேட்டாள். இவள் சொன்ன பதில் கேட்காததால் புன்னகைத்துவிட்டு நகர்ந்தாள்.

ஆனாலும் ஒவ்வொரு முறை பேருந்து புறப்படும்போதும் பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது. “இருபத்திரண்டு, இருபத்து மூணு!” அதைக் கேட்கும்போதெல்லாம் காத்துவுக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிரும். சொல்கிறாளே, மறக்கவில்லையே. அருங்காட்சியகம் பாக்கி இருக்கிறது, மாமா பாக்கி இருக்கிறார், அங்கே எல்லாம் சரியாகிவிடும் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டாள்.

அருங்காட்சியகத்துக்குப் போன பிற்பகல் மழை தூறிக்கொண்டிருந்தது. வாசலை அடுத்த கூடத்தில் மேல்கோட்டுகளை வாங்கிக் கொக்கிகளில் மாட்டி, வட்டமான பித்தளை வில்லை ஒன்றைக் கொடுத்தார்கள். உள்ளே நினைவுப் பொருட்கள் விற்கும் கடை வாசலில் சைரன் தன் புதிய கூட்டத்தோடு தொப்பிகளைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். காத்து அவள் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

“மாமா மேல் மாடியில இருக்காராம். போலாமா?”

“யாரு மாமா?” என்று தொப்பிக்காரி ஒருத்தி கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். சைரனும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, “நீ முன்னாடி போடி, நான் இதோ வந்துடறேன். எனக்காக நில்லு” என்றாள்.

பானை, கடைசி அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. படத்தில் பார்த்ததைவிடச் சிறியது, ஏறக்குறைய ஒரு தலையணை உயரம். ஒரு காது ஒட்டவைக்கப்பட்டது என்பது நேரில்தான் தெரிந்தது. காத்து சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு இரு கைகளையும் கூப்பினாள். “இன்னொருத்தியும் வர்றா மாமா” என்று அவள் சொன்னது பானைக்காவது கேட்டிருக்குமா என்பது ஐயமே.

பிறகு எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். படமெடுக்கக் கைப்பேசியைத் தயாராக வைத்திருந்தாள். தனியாக ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம்தான். எடுத்துவிட்டால் சைரன் வரும்போது அது முதல் படமாக இருக்காதே என்று விட்டுவிட்டாள். ஒரு குடும்பம் வந்து பார்த்துவிட்டுப் போனது. ஒரு கிழவர் வந்து குனிந்து படித்துவிட்டுப் போனார். கீழே போய்ப் பார்க்கலாமா என்று இரண்டு முறை எழுந்தாள். ஒரு படிக்கட்டில் இவள் இறங்க, மறு படிக்கட்டில் அவள் ஏறிவந்துவிட்டால்? ‘நிக்கச் சொன்னேனே’ என்று கோபித்துக்கொண்டால்? மறுபடியும் உட்கார்ந்தாள். கிளம்பும் நேரம் கடந்திருக்கும் என்று மனத்தின் ஒரு மூலை சொல்லிக்கொண்டே இருந்தது. தான் இல்லாமல் பேருந்து நகராது, சைரன் நகரவிட மாட்டாள் என்று மறு மூலை அதை அடக்கியது.

காவலர் பெண்மணி வந்து விளக்குகளைக் காட்டிக் கையசைத்தார். அறை மூடப்படுகிறது என்று புரிந்தது.

கீழே வந்தபோது கோட்டு மாட்டும் கூடம் வெறிச்சோடிக் கிடந்தது. வரிசை வரிசையாக வெற்றுக் கொக்கிகள். நடுவில் அத்தையின் பழுப்புக் கோட்டு மட்டும், தோள் தொங்கிய ஆளைப் போல மாட்டியிருந்தது. கோட்டுகளைக் கவனித்துக்கொள்பவர் அதை எடுக்கப் போனார். அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள். அதை வாங்கிப் போட்டுக்கொண்டால், விட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்பதை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று அவளுக்குத் தோன்றியது. வில்லையை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டு வாசலோரம் போய் நின்றாள். கைப்பேசி அவள் பையில்தான் இருந்தது. ஆனால் வெளிநாட்டு இணைப்பு ஆசிரியர்களின் பேசிகளுக்கு மட்டுமே வாங்கப்பட்டிருந்தது. அவள் கழுத்து அட்டையில் இருந்த ஆசிரியரின் எண்ணைப் பார்த்து அந்த ஊழியரே தொலைபேசியில் கூப்பிட்டார்.

விளையாட்டு ஆசிரியரும் வரலாற்று ஆசிரியையும் டாக்ஸியில் வந்து இறங்கினார்கள். ஆசிரியரின் முகத்தில் ஈயாடவில்லை.

“எங்கம்மா போன? சாப்பாட்டு மேஜையில ஒரு தட்டு மிஞ்சினப்பதான் எங்களுக்கே தெரியுது! பஸ்ல எண்ணினேனே... இருபத்து மூணுன்னு நல்லாக் கேட்டுச்சே! அவ உன்னைப் பாக்காமலேயா சொன்னா?”

காத்து தரையைப் பார்த்தாள். ஆக, சொல்லியிருக்கிறாள். வழக்கம்போல ஒரே மூச்சில், திரும்பிக்கூடப் பார்க்காமல். அவளைத் தேற்றிவந்த அந்தக் குரலேதான் அவளை அங்கே விட்டுவிட்டுப் போயிருக்கிறது. உண்மையைச் சொன்னால் சைரன் மீதி நாட்களும் அறையிலேயே கிடக்க வேண்டியதுதான். வீட்டுக்கும் தகவல் போகும்.

“நான் பஸ்ல ஏறிட்டேன் சார். அவ பாத்துட்டுதான் சொன்னா. அப்புறம் பாத்ரூம் போகணும்னு... நானே இறங்கிட்டேன்.”

அவ்வளவு நீளமாக அவள் பேசி ஆசிரியர் கேட்டதே இல்லை. “அறிவிருக்கா உனக்கு? ஒரு வார்த்தை சொல்லிட்டு இறங்க மாட்ட?” என்று பொரிந்து தள்ளினார். திட்டிக்கொண்டிருக்கும்போதே அவர் குரலில் ஒரு நிம்மதியும் கலந்தது. அந்த ஏற்பாட்டைச் செய்தவர் அவரல்லவா.

அப்போது ஊழியர் கொக்கியிலிருந்து கோட்டை எடுத்துவந்து நீட்டினார். வரலாற்று ஆசிரியை கோட்டைப் பார்த்தார். காத்துவின் உள்ளங்கையில் பதிந்திருந்த வில்லையைப் பார்த்தார். பேருந்தில் ஏறி இறங்கியவளின் கோட்டு உள்ளேயே மாட்டியிருக்காது என்பது அவருக்குத் தெரியாதா? கோட்டை விரித்துப் பிடித்து அவளுக்குப் போட்டுவிட்டு, பொத்தான்களை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக மாட்டினார்.

“பானையப் பாத்தியா?” என்று மட்டும் கேட்டார்.

“பாத்தேன் மிஸ். ஒரு காது ஒட்ட வெச்சது.”

தங்குவிடுதியின் நடையில் சைரன் ஓடிவந்து இவளைத் தனியே இழுத்துக்கொண்டாள். அழுதிருந்தாள், கண்கள் சிவந்திருந்தன. காத்துவுக்கு அந்த நொடியில் எல்லாவற்றையும் மன்னிக்கத் தோன்றியது.

“என்னைப் பத்திச் சொல்லிட்டியாடி?”

“இல்ல.”

“அப்பாடா! உயிரே போயிடுச்சு. நீ முன் சீட்டுல இருப்பேன்னு நெனச்சேன்டி, பழக்கத்துல வாய்ல வந்துடுச்சு. ஆமா, அவ்வளவு நேரம் மேல தனியா என்னதான் பண்ணிக்கிட்டிருந்த?”

காத்து அவள் முகத்தையே பார்த்தாள். அதில் கள்ளம் இல்லை. நிற்கச் சொன்னது அவளுக்கு நினைவே இல்லை.

“சும்மா சுத்திப் பாத்துக்கிட்டிருந்தேன்” என்றாள்.

படுக்கப்போகும்முன் ஆசிரியையின் பேசியிலிருந்து வீட்டுக்குப் பேசினாள்.

“நல்லா இருக்கியாம்மா? சைரன் பக்கத்துல இருக்காளா?” என்று அப்பா கேட்டார்.

“இருக்காப்பா.”

“அப்ப எனக்குக் கவலையே இல்ல.”

மறுநாள் காலை பேருந்தில் காத்துவுக்கு விளையாட்டு ஆசிரியரின் பக்கத்து இருக்கை விதிக்கப்பட்டிருந்தது. எண்ணிக்கை தொடங்கியது. பின்னாலிருந்து, “இருபத்திரண்டு!” என்று வந்தது. அதோடு நின்றுவிட்டது. சூடுபட்டுக்கொண்ட சைரன் இனி வம்பு வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டாள் போலும். பேருந்தில் எல்லோரும் காத்திருந்தார்கள்.

காத்து ஒரு கணம் பொறுத்தாள். இன்னொரு கணமும் பொறுத்தாள். பிறகு எழுந்து நின்றாள்.

“இருபத்து மூணு.”

கடைசி இருக்கைவரை கேட்டது. “அடேயப்பா! காத்துக்கு வாய் மொளச்சிடுச்சு!” என்று ஆசிரியர் துள்ளினார். எல்லோரும் கைதட்டினார்கள். எல்லோரையும்விடப் பலமாகத் தட்டியவள் சைரன்தான். காத்து உட்கார்ந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஊர் திரும்பும் நாளில், யார் யார் எதைத் தொலைத்தீர்கள் என்று விமான நிலையத்தில் ஆசிரியர் விசாரித்தார். ஒருத்தி குடையைச் சொன்னாள். ஒருவன் ஒற்றைக் கையுறையைக் காட்டினான். தொப்பிக்காரியின் தொப்பி எங்கோ காற்றில் பறந்துவிட்டதாம். தன்னிடம் எல்லாம் பத்திரமாக இருப்பதாகக் காத்து சொன்னாள்.

அவள் சொல்லாமல் விட்டவை: பானை மாமாவோடு எடுக்காமல் போன ஒரு படம், பையை வைத்துக் காத்திருந்த பக்கத்து இருக்கை, தன் எண்ணைத் தனக்காகச் சொல்ல இருந்த ஒரு குரல்.