ஐஸில் வைக்காத குழாய்கள்

அன்று அக்கா என்னைக் கட்டிப்பிடித்தாள். இரண்டு வருடமாகச் சிரிப்பையே மறந்திருந்தவள். கூடப் பிறந்தவள் இல்லை; ஆய்வகத்தில் ஆய்வு அவளுடையது, நான் உதவியாளர். எனக்கு அவள் வைத்த பெயர் "வாயாடி".

எல்லாம் ஒரு சோதனைப் படத்தால் வந்தது. அணுக்கள் சர்க்கரையை உடைக்கும்போது வெளிவிடும் லாக்டேட் கூடினால், அது புரதங்களில் இருக்கும் லைசின் என்ற அமினோ அமிலத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். அந்த ஒட்டலைத் தேடிப் பிடிக்கும் ஆன்டிபாடி எங்களிடம் இருக்கிறது. பிடித்த இடம் கறுப்புப் பட்டையாகத் தெரியும். மூட்டுவாத நோயாளிகளின் ரத்தத்தில் பட்டை கன்னங்கரேலென்று இருந்தது. நல்ல உடம்புக்காரர்களின் ரத்தத்தில் வெறும் நிழல்.

"இது போதும்டி. இனி யாரும் என்னை வீட்டுக்கு அனுப்ப முடியாது," என்றாள். வெள்ளிக்கிழமை ஆய்வக இயக்குநர் இதைப் பார்த்துவிட்டால் அவள் வேலை நீடிக்கும்.

எனக்கோ அந்த ரத்தம் எடுத்த நாள் நினைவுக்கு வந்தது. நல்ல உடம்புக்காரர்களின் ரத்தத்தை அவளே ஐஸில் வைத்திருந்தாள். நோயாளிகளின் குழாய்கள் என் பொறுப்பு. அந்த நேரம் பார்த்துத் தங்கை போனில் மாமியார் புராணத்தை ஆரம்பிக்க, குழாய்களை மேசைமேல் வைத்துவிட்டு நானும் என் பங்குக்கு இரண்டு அத்தியாயம் சேர்த்தேன். ஐஸ் இல்லாவிட்டால் ரத்த அணுக்கள் சும்மா இருக்காது. சர்க்கரையைத் தின்று லாக்டேட்டைப் பெருக்கிக்கொண்டே இருக்கும். ஆன்டிபாடியைக் குறை சொல்லி என்ன பயன்? அது இருந்ததைத்தான் காட்டியது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள்; நான் அவளையும் சேர்த்துக் கெடுத்துவிட்டேன்.

சொல்லிவிடலாமென்று வாயெடுத்தேன். ஓயாத வாய் அப்போது பார்த்து ஒட்டிக்கொண்டது. ஒருவேளை நோய்தான் காரணமோ என்று என்னையே ஏமாற்றிப் பார்த்தேன். குற்றமுள்ள நெஞ்சு விடவில்லை. நர்ஸிடம் போய்க் கையை நீட்டினேன். என் ரத்தத்தில் பாதியை ஐஸில் வைத்தேன். மீதியை மேசைமேல் விட்டுவிட்டுத் தங்கைக்குப் போன் போட்டேன்.

வியாழக்கிழமை மாலை படம் வந்ததும் அக்கா எட்டிப் பார்த்தாள். முதல் இடத்தில் நிழல். இரண்டாவதில் நோயாளிகளுடையதைவிடக் கறுப்பு.

"ஐயோ பாவம், ரொம்ப முத்திப்போச்சு போலயே. யாருடி இந்தப் புது நோயாளி?"

"ரெண்டும் என் ரத்தம்தான்க்கா. ஒண்ண மட்டும் ஐஸ்ல வைக்கல. அன்னைக்கு அவங்க ரத்தத்தையும் வைக்கல."

அவள் நாளைக்குக் காட்டவிருந்த படத்தை என் படத்துக்குப் பக்கத்தில் வைத்து மாறி மாறிப் பார்த்தாள்.

"உனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணும் இல்லக்கா."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. மூட்டு கீட்டு வலிக்குதா?"

ஐஸில் வைத்த பாதி வெறும் நிழல் என்பது அவளுக்கும் தெரியும். ஆனாலும் அவள் முகத்தைப் பார்த்தபோது, எனக்கு ஒரு நோய் இருந்திருக்கக் கூடாதா என்றிருந்தது.