சரளை மண்ணில் ஸ்வீட்ஃபெர்ன்

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால்: பனிப்பாறைகள் பின்வாங்கிய நாள் முதல் யாரிடமும் அனுமதி கேட்காமல் அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் எங்கள் மெய்ன் கரையில் வளர்ந்துவரும் ஸ்வீட்ஃபெர்ன் என்னும் வாசனைப் புதரை, ஹாரோ முனைத் தோட்டக் கழகம் ஏழுக்கு நான்கு என்ற வாக்கில் 'நம் மண்ணின் செடி'யாக அங்கீகரித்துவிட்டது. வீட்டுக்கொரு கன்றும் வழங்கப்பட்டது. செடி அபிப்பிராயம் எதுவும் தெரிவிக்கவில்லை.

எல்வின் ஃபிக்கெட்டும் ஒன்று வாங்கிக்கொண்டார். மனைவி போய்ச் சேர்ந்து மூன்று வருஷம், மகள் நாட்டின் மறுகோடியில், ஒரேகானில். அவர் வீட்டுக்குத் தபால்காரர் மட்டும் வருவார். அவரும் வண்டியை விட்டு இறங்குவதில்லை.

வீட்டோரச் சரளையில் கன்றை நட்டார். பிறகு இந்தக் கரையில் பிறந்தவன் எதை நட்டாலும் செய்வதைச் செய்தார்: சிங்கி இறால் ஓடுகளும் கடற்பாசியும் போட்டு மக்கவைத்த உரத்தை இரண்டு வாளி கொட்டினார். பத்தே நாளில் இலை மஞ்சளித்தது. கழகச் செயலாளர் கோரா பீலுக்குப் போன் செய்தார். கோரா நேரிலேயே வந்துவிட்டார்.

"என்னய்யா, செடிக்குக் கல்யாண விருந்தா போட்ட?"

"கொஞ்சம் தெம்பா வரட்டுமேன்னுதான், செக்ரட்டரியம்மா."

"இறால் ஓட்டுல இருக்கிறது சுண்ணாம்பு. இது புளிப்பு மண்ணுல பட்டினி கிடந்து வளர்ற ஜாதி. உரத்தை வாரி எடுத்துட்டு சும்மா விடு."

"அப்பப்ப தண்ணியாவது..."

"எல்வின்! விடுன்னா விடு."

இருவருமாக உரத்தை வாரினார்கள். அப்புறம் காபி, வெல்லப்பாகு பிஸ்கட். கோரா ஒன்றரை மணி நேரம் இருந்தார். அதில் நாற்பது நிமிஷம் கழகத் தலைவியின் தொப்பியைப் பற்றி. எல்வின் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சத்தம் அவருக்கே புதிதாக இருந்தது.

கவனிப்பாரற்ற செடி ஜூலைக்குள் தளதளவென்று படர்ந்துவிட்டது. எல்வின் போன் செய்தார்.

"செடி ஜோரா இருக்கு. வந்து பாக்கறீங்களா?"

"ஜோரா இருக்கிறதை நான் எதுக்கு வந்து பாக்கணும்? வாடினது இருக்கிற வீட்டுக்கே போய் முடியல."

ஆகஸ்டில் ஒரு காலை எல்வின் அதே உரத்தை ஐந்து வாளி கொட்டினார், இந்த முறை தெரிந்தே. "தப்பா நெனைக்காத" என்று செடியிடம் சொல்லவும் செய்தார். இலை மஞ்சளித்ததும் பிஸ்கட் சுட்டு, மேஜையைத் துடைத்து, இரண்டு கோப்பை எடுத்து வைத்துவிட்டுப் போனைத் தூக்கினார்.

"மறுபடியுமா? பிடுங்கிப் போட்டுடுய்யா," என்றார் கோரா. "கழகம் இப்ப காட்டு ரோஜாவுக்கு மாறிடுச்சு."

எல்வின் பிடுங்கிப் போட்டார். இப்போது அந்த இடத்தில் டிரக்கை நிறுத்துகிறார்.